பெல்ட்டில் ஒட்டிய மஞ்சள் தூள்

"அஞ்சு மணி வரைக்கும்தான் சார் டைம். அதுக்கு மேல இவர இங்க ஒக்கார வெச்சிகினு இருந்தா எனக்குத்தான் பேஜார்" என்றார் சப்-இன்ஸ்பெக்டர் அய்யாக்கண்ணு.

'இவர்' என்று அவர் முகவாயால் காட்டிய ஆள் ஸ்டேஷன் வராந்தா பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். பெயர் தமிழ்வாணன். ஆரணியில் பம்ப் செட் என்ஜின்களைப் பிரித்து மாட்டுகிற மெக்கானிக். பதினோரு நாளைக்கு முன்னால், அவர் வேலை செய்து கொடுத்த மினி பைக் ஒன்று, ஸ்டார்ட் ஆன அதே வினாடியில் எகிறிப் பாய்ந்து, சொந்தக்காரர் பலராமனையும் இழுத்துக்கொண்டு போய் ஒரு தண்ணீர் லாரியில் மோதியது. பலராமன் அங்கேயே இறந்துபோனார். அஜாக்கிரதையாக வேலை செய்து ஓர் உயிர் போகக் காரணமானார் என்று தமிழ்வாணன் மேல் வழக்கு. ஐந்து மணிக்கு மாஜிஸ்திரேட் முன்னால் கொண்டுபோய் நிறுத்திவிட்டால் அவருக்கு இன்றைக்கு ஜெயில் சாப்பாடு.

அதைத் தடுக்க முடியுமா என்று பார்க்கத்தான் நாங்கள் வந்திருந்தோம். நாங்கள் என்றால் இரண்டே பேர். நேமிகுமார், வயது அறுபது, முப்பது வருஷம் இன்சூரன்ஸ் கம்பெனிகளுக்காக மோதி நசுங்கின வண்டிகளைப் பார்த்துப் பார்த்தே தலை நரைத்தவர், இப்போது தனியார் துப்பறிவாளர். நான் லீலா, அவருடைய உதவியாளர். விசாரணையில் பாதி அவர் மூளை, மீதிப் பாதி என் வாய் என்று அவரே நாலு பேரிடம் சொல்லுவார். அது பாராட்டா என்று நான் இதுவரை கேட்டுக்கொள்ளவில்லை.

எங்களை அமர்த்தியது யார் என்பதுதான் கூத்து. இறந்துபோன பலராமனின் மனைவி சுகன்யா.

காலையில் ஆபீசுக்கு வந்து நாற்காலி நுனியில் உட்கார்ந்தாள். "தமிழ்வாணன் அண்ணன உள்ள போடப் போறாங்களாம். அவரு மேல தப்பு இருக்கற மாதிரி எனக்குத் தெரியல. வண்டி ஏன் எகிறிச்சுன்னு நீங்க கண்டுபிடிங்க" என்றாள். ரேஷன் கடையில் கார்டு நம்பர் சொல்லுகிற குரல். கண்ணில் ஈரம் இல்லை. நான் கொடுத்த காபியை ஆறவிட்டு, ஆறின பிறகு ஒரே மடக்கில் குடித்துவிட்டு எழுந்து போனாள்.

"புருஷன் சாவுக்குக் காரணம்னு ஒருத்தரப் புடிச்சி வெச்சிருக்காங்க, அவரக் காப்பாத்தச் சொல்லி பொண்டாட்டியே வராங்க. எனக்கு வேற வாசனை அடிக்குது சார்" என்றேன்.

"சீரியல் பாக்கறத கொறச்சுக்கோ" என்றார் நேமி சார்.

அந்த வண்டி ஸ்டேஷன் பின்பக்கம் வேப்பமரத்தடியில் நின்றிருந்தது. என் இடுப்பு உயரம்கூட இல்லை. குட்டிக் குட்டியாக இரண்டு தடித்த சக்கரங்கள், நடுவில் ஒரு பம்ப் என்ஜின், பின்னால் பாரம் கட்ட ஓர் இரும்புத் தட்டு. நெய்வதற்கான பாவு என்கிற பட்டு நூல் சுருள்களைத் தறி வீடுகளுக்குக் கொண்டுபோய்க் கொடுப்பது பலராமனின் தொழில். பெரிய வண்டி திரும்ப முடியாத சந்துகளுக்கென்று சொல்லிச் செய்துகொண்ட வண்டி இது. லாரியில் மோதியதில் முன்சக்கரம் மடங்கியிருந்தது. பின்பாதிக்கு ஒரு கீறல்கூட இல்லை.

"சார், கல்யாணத்துக்குச் சீர் குடுத்தா பொம்மைன்னு நெனச்சி ஷோகேஸ்ல வெச்சிடுவாங்க" என்றேன்.

நேமி சார் காதில் வாங்காமல் குந்தி உட்கார்ந்தார். தமிழ்வாணனையும் கூப்பிட்டார். அவர் வந்து நின்றார். நான்கு நாள் தாடி, நகக்கண்ணில் கிரீஸ்.

"என்ன மாத்தினீங்க இதுல?"

"பழைய கிளட்சு லோடு தாங்காம எரிஞ்சிபோச்சிங்க. அத கழட்டிட்டு டார்க் கன்வெர்ட்டர் மாட்டினேன்."

"போலீஸுக்குப் புரியற மாதிரி சொல்லுங்க."

அய்யாக்கண்ணு தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

"ரெண்டு புல்லி, நடுவுல ஒரு பெல்ட்டு. அவ்ளோதாங்க. என்ஜின் மெதுவா ஓடச்சொல்ல பெல்ட்டு சும்மா நழுவிகினு இருக்கும், வண்டி நவுராது. ஆக்சிலேட்டர் குடுத்தாதான் புல்லி நெருங்கி வந்து பெல்ட்ட புடிக்கும். அப்பதான் வண்டி போவும்."

"அந்த பெல்ட்ட இவரு திருப்பி மாட்டிட்டாரு. அதான் ஸ்டார்ட் பண்ண ஒடனே புடிச்சிகிச்சு. நான் ரிப்போர்ட்லயே எழுதிட்டேன்" என்றார் அய்யாக்கண்ணு. யூடியூபில் பார்த்தாராம்.

நேமி சார் மூடியைக் கழற்றச் சொன்னார். டார்ச் அடித்துப் பார்த்தார். "பெல்ட்டுல ஒரு பக்கம் நேரா இருக்கும், இன்னொரு பக்கம் சரிவா இருக்கும். நேர்ப் பக்கம் என்ஜினப் பாத்து இருக்கணும். இருக்கு. சரியாத்தான் மாட்டியிருக்காரு."

அடுத்து செயின். நூல் பிடித்தது போல நேராக இருந்தது. ஆக்சிலேட்டர் கேபிளை இழுத்து விட்டார். டப்பென்று திரும்பி வந்தது. என்ஜின் மெதுவாக ஓடுகிற அளவை வைக்கும் திருகில் தமிழ்வாணன் ஒரு பெயின்ட் புள்ளி வைத்திருந்தார், அதுவும் அசையவில்லை. ஒவ்வொன்றாகச் சரி, சரி என்று சொல்லிக்கொண்டே வந்தார். சொல்லச் சொல்ல அய்யாக்கண்ணுவின் முகம் வாடியது.

"எல்லாமே சரியா இருக்கற வண்டி ஆள எப்படி சார் கொல்லும்?"

"அதான் நானும் யோசிக்கறேன்."

நேமி சார் மூடியின் உள்பக்கத்தில் ஆள்காட்டி விரலால் ஒரு கோடு இழுத்தார். விரலில் தூள் ஒட்டியது. வெளிச்சத்தில் காட்டினார். "லீலா, பெல்ட்டு தேஞ்சா என்ன கலர்ல தூள் வரும்?"

"கறுப்பு. ரப்பர்தானே."

"இது?"

கறுப்போடு கலந்து, இலேசான மஞ்சள். தேன் கலர் என்று சொல்லலாம்.

"மஞ்சத்தூள் சார். ஆயுத பூஜைக்குப் பொட்டு வெச்சிருப்பாங்க."

"இந்தப் பார்ட்ட மாட்டியே மூணு வாரம்தான் ஆவுது. ஆயுத பூஜை எப்ப வந்துச்சு?" அவர் அந்தத் தூளைப் பஸ் டிக்கெட்டில் மடித்து என்னிடம் கொடுத்தார். "தமிழ்வாணன், இது நீங்க போட்டதா?"

"இல்லீங்க. நான் எதுக்குப் போடறேன். பெல்ட்டுல எண்ணெய் படவே கூடாதுன்னு பலராமன்கிட்ட பத்து வாட்டி சொல்லியிருக்கேன். புது பார்ட்டுல எண்ணெய்ப் பிசுக்கு இருக்கும், அதனால ஏத்தத்துல கொஞ்சம் வழுக்கிச்சு. வியாழக்கெழமை எடுத்துகினு வாங்க, நல்லா தொடச்சி உடறேன்னேன். பொதங்கெழம காலைல…" புதன்கிழமை காலையில்தான் பலராமன் இறந்தார்.

மணி ஒன்றே முக்கால்.

பலராமன் வீட்டு எதிர்ச் சுவரை ஒட்டித் தனகோடியின் இஸ்திரி வண்டி நின்றது. நடந்ததை நேரில் பார்த்த ஒரே சாட்சி தனகோடிதான். ஸ்டேஷனில் அவர் சொன்னதாக எழுதியிருந்தது மூன்றே வரி: ஸ்டார்ட் செய்யும் கயிற்றை இழுத்தார், வண்டி பாய்ந்தது, கைப்பிடியை அவர் விடவில்லை.

"போலீசுல சொல்லாதது ஏதாவது இருக்கா?" என்று கேட்டார் நேமி சார்.

"எல்லாம் சொன்னேன். அவங்கதான் எழுதிக்கல."

"எத எழுதிக்கல?"

தனகோடி இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தார். "சாமி வந்துச்சுன்னேன். சிரிச்சாங்க."

நான் சிரிக்காமல் இருக்கக் கன்னத்தைக் கடித்துக்கொண்டேன். "எந்த சாமிண்ணா?"

"படவேட்டு அம்மன்தான். ஆடிக்கு வரேன்னு வேண்டிகினு அவரு போவல. நீ சிரிக்காத மா, கேளு. வண்டி லாரில முட்டிகினு நிக்குது, என்ஜின் ஓடிகினே இருக்குது. நான்தான் ஓடிப்போயி பெட்ரோல மூடினேன். அப்ப, கும்முனு சாம்பிராணி வாசன. ரோட்டுல ரத்தம், நடுவுல சாம்பிராணி வாசன. என்னான்னு சொல்லுவ அத?"

"பக்கத்து வீட்ல யாராவது போட்டிருப்பாங்க."

"பொதங்கெழம காலைல ஏழு மணிக்கு எவ மா சாம்பிராணி போடுவா? வெள்ளிக்கெழமையா அது? வாசன வீட்டுலேர்ந்து வரல. வண்டிலேர்ந்து வந்துச்சு. மூக்க வெச்சிப் பாத்தேன்."

நேமி சார் அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார். சாமி வந்த கதைக்குக் கைகுலுக்கலா என்று தனகோடியே கொஞ்சம் மிரண்டுபோனார்.

தெருவைக் கடக்கும்போது, "அம்மனுக்கு சம்மன் அனுப்பிடலாமா சார்?" என்றேன்.

"சக்கரம் லாரில முட்டி நின்னுபோச்சு. என்ஜின் ஓடுது. அப்ப பெல்ட்டு என்ன ஆவும்?"

"வழுக்கும். சூடாவும்."

"சூடான பெல்ட்டுலேர்ந்து ரப்பர் கருகற நாத்தம்தான் வரணும். சாம்பிராணி வாசனை ஏன் வந்துச்சு?"

கைப்பையில் இருந்த பஸ் டிக்கெட்டைத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன்.

வாசலில் கால் வைக்கும்போதே விசைத்தறிச் சத்தம் கேட்டது. துக்க வீடு. பதினோராம் நாள். முன்னறையில் பலராமன் படத்துக்கு மாலை போட்டு, விளக்கு எரிந்துகொண்டிருந்தது. பின்பக்க ஷெட்டில் தறி ஓடிக்கொண்டிருந்தது. பலராமனின் அண்ணி போலிருக்கிறது, ஓர் அம்மாள் எங்களைப் பார்த்ததும், "நீங்களாவது சொல்லுங்க. ஊரு சிரிக்குது. மூணாம் நாள்லேர்ந்து ஓட்டிகினு இருக்கா" என்று முறையிட்டுவிட்டு உள்ளே போய்விட்டாள்.

ஷெட்டில் இரண்டு விசைத்தறிகள். ஒன்று நின்றிருந்தது. இன்னொன்றின் பக்கத்தில் சுகன்யா நின்றிருந்தாள், காலையில் கட்டியிருந்த அதே புடவையில்.

"கொஞ்சம் நிறுத்திட்டுப் பேசலாமாக்கா?" என்று கத்தினேன்.

"ஓடட்டும். நின்னா வீடு ரொம்ப அமைதியா ஆயிடுது" என்று அவளும் கத்தினாள்.

சரி என்று கத்தியே கேட்டோம். வண்டிக்கு அன்றைக்குப் பூசை போட்டீர்களா? இல்லை. சாம்பிராணி, ஊதுபத்தி? இல்லை. புதன்கிழமை காலையில் வண்டிக்கு வேறு யாராவது ஏதாவது செய்தார்களா? அவள் எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

அப்போது தறியின் மோட்டார் பக்கம் கீச்சென்று ஒரு சத்தம். பெல்ட் வழுக்குகிறது. சுகன்யா திரும்பவில்லை. எங்களைப் பார்த்தபடியே கையைப் பக்கவாட்டில் நீட்டி, சுவர் மாடத்தில் இருந்த கொட்டாங்குச்சியிலிருந்து ஒரு சிட்டிகை பொடி எடுத்து, ஓடுகிற பெல்ட்டின் மேல் வீசினாள். கோலப்பொடி எடுப்பது போல அவ்வளவு பழகின கை. கீச்சு நின்றுவிட்டது. பெல்ட் சிக்கென்று பிடித்துக்கொண்டு ஓடியது.

இரண்டு நிமிஷத்தில் ஷெட் முழுவதும் சாம்பிராணி வாசனை.

எங்கள் வீடும் நெசவு வீடுதான், ஆனால் கைத்தறி. கைத்தறியில் மோட்டாரும் இல்லை, பெல்ட்டும் இல்லை. அதனால்தான் இந்தப் பொடி எனக்குத் தெரியாமல் போனது. கொட்டாங்குச்சியில் எட்டிப் பார்த்தேன். சாம்பிராணி போலவே மணக்கிற மரப்பிசினான குங்கிலியத்தை இடித்து வைத்திருந்தார்கள். தேன் கலர். பஸ் டிக்கெட்டைப் பிரித்துப் பக்கத்தில் வைத்துப் பார்க்கவே தேவையில்லை. இருந்தாலும் வைத்துப் பார்த்தேன்.

நேமி சார் சுவரில் இருந்த சுவிட்சை அணைத்தார். தறி நின்றது. சுகன்யா சொன்னது உண்மைதான், அந்த அமைதி தாங்க முடியாததாக இருந்தது.

"கை தானா போச்சா, இல்ல நாங்க பாக்கணும்னு போட்டீங்களாம்மா?" என்று கேட்டார்.

"நீங்க பாக்கணும்னுதான்" என்றாள்.

அவள் எதையோ மறைக்கிறாள் என்று காலையிலிருந்து நான் கட்டிவைத்திருந்த கதையெல்லாம் அந்த ஒரு வார்த்தையில் விழுந்தது.

"பெல்ட்டு வழுக்கினா இததான் போடுவோம். இந்தத் தெருவுல எல்லா வீட்லயும் போடுவாங்க. செவ்வாக்கெழம சாயங்காலம் வந்து வண்டி வழுக்குதுன்னாரு. அவரு குளிக்கப் போனாரு. நான் மூடியக் கழட்டி, எண்ணெயத் தொடச்சி, பெல்ட்டு பூரா தேச்சி விட்டேன். அவருக்குத் தெரியாது. காலைல ஓட்டிப் பாத்துட்டு அவராவே வந்து சொல்லட்டும்னு இருந்தேன்."

"யார்கிட்டயும் சொல்லலியா?"

"சொன்னேனே. வீட்ல எல்லார்கிட்டயும் சொன்னேன். பெல்ட்டுக்குக் குங்கிலியம் போடறது ஒரு தப்பா, தெனம் நாம போடறதுதானே, போய்ப் படுன்னாங்க."

"எங்ககிட்டயாவது காலைலயே சொல்லியிருக்கலாமே" என்றேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

"நானா சொன்னா, துக்கத்துல ஒளறறான்னு நீங்களும் நெனப்பீங்க. நீங்களா வந்து கண்டுபுடிச்சா அது நெஜம். கண்டுபுடிக்கலன்னா நான் காரணம் இல்ல." அவள் தறியில் அறுந்திருந்த ஓர் இழையை எடுத்து முடிந்தாள். "பதினோரு நாளா எனக்கு அழுவ வரல. நான் அழலாமா கூடாதான்னு தெரிஞ்சாதானே அழுவறது."

நேமி சார் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "எனக்கே இன்னும் உறுதியா தெரியாதும்மா. ஓட்டிப் பாக்கணும். கூட வரீங்களா?"

அவள் சுவரில் மாட்டியிருந்த துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டாள்.

நாலே கால். வேப்பமரத்தடியில் மினி பைக்கை நாலு செங்கல் மேல் ஏற்றி, பின்சக்கரம் தரையில் படாமல் நிறுத்தினோம். தமிழ்வாணன் ஒரு பக்கம், அய்யாக்கண்ணு ஒரு பக்கம். சுகன்யா கொஞ்சம் தள்ளி.

"ஆக்சிலேட்டர யாரும் தொடக்கூடாது" என்றார் நேமி சார். "பெல்ட்டு நழுவினா சக்கரம் சும்மா நிக்கும். புடிச்சா சுத்தும். இழுங்க."

தமிழ்வாணன் கயிற்றை இழுத்தார். என்ஜின் படபடவென்று மெதுவாகத்தான் ஓடத் தொடங்கியது. பின்சக்கரம் அந்த நொடியே வெறிபிடித்தது போலச் சுற்றியது. செங்கல் ஒன்று நகர்ந்தது. அய்யாக்கண்ணு இரண்டு அடி பின்னால் போனார்.

அணைத்தார்கள். தமிழ்வாணன் பெல்ட்டைக் கழற்றி, தின்னரில் நனைத்த துணியால் பெல்ட்டையும் புல்லியையும் துடைத்தார். துணி மஞ்சளாகியது. நிறைய நேரம் துடைத்தார், போதும் என்று நேமி சார் சொல்லும்வரை. திரும்ப மாட்டி, திரும்பக் கயிற்றை இழுத்தார்.

என்ஜின் ஓடியது. சக்கரம் அசையாமல் நின்றது. எவ்வளவு நேரம் பார்த்தாலும் நின்றுகொண்டே இருந்தது.

"ஆச்சா?" என்று சுகன்யா கேட்டாள்.

"ஆச்சும்மா" என்றார் நேமி சார். "பொடிதான் காரணம். தறி பெல்ட்டு எப்பவும் புடிச்சிகினே இருக்கணும், அதுக்கு அது நல்லது. இந்த பெல்ட்டு நழுவணும். நழுவ விடாம பண்ணிடுச்சு."

மறைத்திருக்கலாம். வேறு வார்த்தையில் சொல்லியிருக்கலாம். அவர் அப்படிச் செய்யவில்லை, அவளும் அதை எதிர்பார்க்கவில்லை. தலையை மட்டும் ஆட்டினாள்.

தமிழ்வாணன் என்ஜினை அணைத்துவிட்டு அவள் முன்னால் வந்து நின்றார். கையைத் துணியில் துடைத்துக்கொண்டே இருந்தார். "எண்ணெய் படக்கூடாதுன்னுதான்மா சொன்னேன். பொடியும் போடாதீங்கன்னு எனக்கு சொல்லத் தோணல. தறி ஊர்ல கடை வெச்சிருக்கேன், தோணியிருக்கணும்."

"நீங்க வீட்டுக்குப் போங்கண்ணா" என்றாள் சுகன்யா.

அய்யாக்கண்ணு என்னைத் தனியாக அழைத்துப்போய், "இத எதுலம்மா சேக்கறது?" என்று கேட்டார். எனக்கு எப்படித் தெரியும். விபத்து என்றுதான் முடியும் என்று நினைப்பதாகவும், எதற்கும் அவள் வாக்குமூலம் வேண்டும் என்றும், கோர்ட்டில் என்ன சொல்வார்களோ அது தன் கையில் இல்லை என்றும் அவரே சொல்லிக்கொண்டார். தமிழ்வாணனிடம் கையெழுத்து வாங்கி அனுப்பிவைத்தார். அவர் வாசல் வரை போய், திரும்பிப் பார்த்துவிட்டு, போனார்.

சுகன்யா மேஜைக்கு எதிரே உட்கார்ந்தாள். நான் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். காலையில் இவளைப் பற்றி நான் நினைத்ததற்கு எனக்கு வெட்கமாக இருந்தது. அதை அவளிடம் சொல்லி மன்னிப்புக் கேட்பதும் அசிங்கமாக இருக்கும் என்று விட்டுவிட்டேன்.

பெயர், வயது, விலாசம். எப்போது தேய்த்தாள், எவ்வளவு தேய்த்தாள். எல்லாவற்றுக்கும் அதே ரேஷன் கடைக் குரலில் பதில் சொன்னாள். அய்யாக்கண்ணு எழுதிக்கொண்டே வந்தவர் பேனாவை நிறுத்தினார்.

"எதுக்காகப் போட்டீங்கன்னு எழுதணும்மா."

"வழுக்குதுன்னு."

"வழுக்கினா மெக்கானிக்குகிட்ட குடுக்கலாம். வியாழக்கெழம வரச் சொல்லியிருந்தாரு இல்ல? ஒரு நாள்தான். அதுக்குள்ள நீங்க எதுக்குப் போட்டீங்க? கேப்பாங்கம்மா, அதனால கேக்கறேன்."

அவள் மேஜை விளிம்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தோள் வலிக்குதுன்னாரு" என்றாள். "ஏத்தம் வந்தா வண்டி இழுக்கல. எறங்கி, பாவோட சேத்து தள்ளிகினு போவணும். இந்தப் பக்கம் தோள். தைலம் தேச்சேன், கேக்கல. பொதங்கெழம சேத்துப்பட்டு வரைக்கும் போவணும்னாரு. அவ்ளோ தூரம் தள்ளக்கூடாதுன்னு போட்டேன்."

அய்யாக்கண்ணு அதை எழுதினார். எழுதி முடித்து, வழக்கமாகப் படித்துக் காட்டுகிற மாதிரி உரக்கப் படித்தார். "'ஏற்றங்களில் வாகனத்தைத் தள்ளிச் சென்றதால் என் கணவருக்குத் தோள்வலி ஏற்பட்டிருந்தது. மறுநாள் அவர் அந்த வலியின்றிச் சென்று வர வேண்டும் என்ற எண்ணத்திலேயே மேற்படி குங்கிலியப் பொடியைப் பெல்ட்டில் தடவினேன். வேறு நோக்கம் ஏதும் இல்லை.' சரியாம்மா? இங்க கையெழுத்துப் போடுங்க."

அவள் பேனாவை வாங்கினாள். போடவில்லை.

"இன்னொரு வாட்டி படிங்க சார்."

"எங்க தப்பா இருக்கு?"

"தப்பு இல்ல. படிங்க."

அவர் மறுபடி படித்தார். இந்த முறை மெதுவாக. வலியின்றிச் சென்று வர வேண்டும் என்ற இடம் வந்தபோது சுகன்யா அழ ஆரம்பித்தாள். சத்தமாக, வாயை மூடிக்கொள்ளாமல். வராந்தாவில் நின்றிருந்த கான்ஸ்டபிள் எட்டிப் பார்த்துவிட்டு நகர்ந்தார். நான் அவள் முதுகில் கை வைத்தேன். அய்யாக்கண்ணு காகிதத்தைக் கீழே வைத்துவிட்டார்.

"முழுசா படிங்க சார்" என்றாள் அவள், அழுதுகொண்டே.

அவர் காகிதத்தை எடுத்து, மீதியைப் படித்து முடித்தார்.